சொன்னது நிற்காத பிள்ளை: வீட்டில் சொல்லும் வாக்கியமும் கற்பிக்கும் முறையும்

"பைய வச்சிட்டு, சட்டையக் கழட்டிப் போட்டுட்டு, கை கழுவிட்டு வந்து சாப்பிடு." ஏழு வயதுப் பிள்ளை பையோடு நேராக மேசைக்கு வந்து உட்கார்கிறது. காது கேட்கவில்லையா, அடம்பிடிக்கிறதா என்று வீட்டில் சத்தம் எழும்புகிறது. இரண்டும் இல்லாமல் இருக்கலாம். நான்கு செயல்களில் கடைசியாக வந்த 'சாப்பிடு' மட்டும் நினைவில் நின்றது, மற்ற மூன்றும் அதற்குள் நழுவிவிட்டன.

இது எப்போதாவது நடந்தால் எந்தப் பிள்ளைக்கும் உள்ளதுதான். தினமும் நடந்து, கூடவே சொல் தேடித் தடுமாறுவதும், 'அது', 'இது', 'அந்த மாதிரி' என்றே பேசுவதும், நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாததும் சேர்ந்திருந்தால், மொழி வளர்ச்சிக் கோளாறு இருக்குமோ என்று பார்க்க வேண்டும். கேட்கும் திறன் குறைவு, ஆட்டிசம் போல வேறு காரணம் எதுவும் இல்லாமல் மொழி மட்டும் பின்தங்கும் நிலைக்கு அந்தப் பெயர். டாரத்தி பிஷப் தலைமையில் பல நாட்டு நிபுணர்கள் 2017இல் இந்தப் பெயரைப் பொதுவாக ஏற்றுக்கொண்டார்கள். நூறு பிள்ளைகளில் ஏறக்குறைய ஏழு பேருக்கு இருக்கிறது. முப்பது பேர் உள்ள வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆட்டிசத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் இன்று குறைவு, இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள்தான் குறைவு. அதனாலேயே இந்தப் பிள்ளைகளுக்குச் 'சோம்பேறி', 'கவனமில்லாதவன்' என்ற பட்டம் எளிதில் விழுகிறது. அந்தப் பட்டம் பிள்ளையை வாயை மூட வைக்கும். வாயை மூடிய பிள்ளைக்கு மொழி வளர வாய்ப்பு இன்னும் குறையும்.

முதலில் காது

வேறு எதைத் தொடங்கும் முன்பும் கேட்கும் திறன் சோதனை வேண்டும். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். வலி இருக்காது, கூப்பிட்டால் திரும்பும், ஆனால் சொல்லின் ஓரத்தில் வரும் மெல்லிய ஒலிகள் சரியாக விழாது. மலேசியாவில், பக்கத்திலுள்ள அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் சொன்னால் அரசு மருத்துவமனையின் காதுப் பிரிவுக்கு அனுப்புவார்கள்.

இரண்டு வயதில், எல்லா மொழிகளையும் சேர்த்து எண்ணி, 50 சொற்களுக்குக் கீழே இருந்தாலோ, இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டாலோ மருத்துவரிடம் கேட்டுப் பார்ப்பது நல்லது. தாமதமாகப் பேசத் தொடங்கும் பிள்ளைகளில் பலர் பிறகு எட்டிப் பிடித்துவிடுவார்கள். ஆனால் யார் எட்டிப் பிடிப்பார் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல வழியில்லை. நான்கு, ஐந்து வயதில் பள்ளியில் நடந்த ஒன்றைச் சொல்லத் தெரியாமல் இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. பேசிக்கொண்டிருந்த சொற்களைப் பிள்ளை இழந்தால், எந்த வயதானாலும், அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கோலாலம்பூர் மருத்துவமனையிலும் பினாங்கு மருத்துவமனையிலும் பேச்சுச் சிகிச்சைப் பிரிவு உண்டு. கோலாலம்பூர் ஜாலான் ராஜா மூடா அப்துல் அசிஸில் இருக்கும் தேசியப் பல்கலைக்கழக வளாகத்திலும் பேச்சுச் சிகிச்சை கிளினிக் இருக்கிறது. தனியாரிடம் போவதானால், 2016ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. முறையாகப் பதிந்தவர் சான்றிதழைக் காட்டத் தயங்கமாட்டார்.

முறை வரக் காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டாம். இனி வரும் எல்லாவற்றையும் இன்றைக்கே வீட்டில் தொடங்கலாம். பிறகு பிள்ளைக்கு வேறு காரணம் இருப்பதாகத் தெரிய வந்தாலும் இவற்றால் கெடுதல் இல்லை.

மூன்று நினைவுகள்

'ஞாபக சக்தி' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மொழி கற்க மூன்று வேறு வேறு நினைவுகள் வேலை செய்கின்றன. இந்தப் பிள்ளைகளிடம் அவை மூன்றும் ஒரே அளவில் இருப்பதில்லை.

முதலாவது, கேட்டதைச் சில விநாடி பிடித்து வைக்கும் நினைவு. 'தெமுலாக்கி' போல அர்த்தமில்லாத ஒரு சொல்லைச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொன்னால், ஒலிகளை அப்படியே பிடித்து வைத்தால்தான் வாயில் வரும். சூசன் கேதர்கோலும் ஆலன் பேடலியும் 1990இல் இப்படிப்பட்ட சொற்களைக் கொண்டு செய்த ஆய்வில், மொழிச் சிரமம் உள்ள பிள்ளைகள் சிறிய சொல்லில் சமாளித்து மூன்று, நான்கு அசையுள்ள சொல்லில் தடுமாறினார்கள். தமிழில் இது பெரிய விஷயம். உருபும் விகுதியும் ஏற ஏற நம் சொல் நீண்டுகொண்டே போகும். 'புத்தகம்' மூன்று தட்டு, 'புத்தகத்துக்குள்ள' ஆறு தட்டு. அர்த்தத்தைச் சொல்லும் உருபோ கடைசியில் வருகிறது, பிடி தளரும் இடமும் அதுதான்.

இரண்டாவது, பழக்க நினைவு. சைக்கிள் ஓட்டுவதைப் போல யாரும் விளக்காமலே பதிவது. 'அவன் வந்தான், அவ வந்தா, பூனை வந்துச்சு' என்ற மாற்றத்தை எந்தத் தாயும் பாடமாக நடத்துவதில்லை. காதில் விழுந்து விழுந்து பிள்ளை தானாகவே ஒழுங்கைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. இந்தப் பழக்க நினைவு மந்தமாக இருப்பதே மொழிக் கோளாறின் வேர் என்று மைக்கேல் உல்மனும் எலிசபெத் பியர்பான்டும் 2005இல் சொன்னார்கள். அதுவே முழுக் காரணமா என்று இன்னமும் விவாதம் நடக்கிறது. ஆனால் இலக்கண ஒழுங்கு இந்தப் பிள்ளைகளுக்குத் தானாக ஒட்டுவதில்லை என்பதை வகுப்பறையில் யாரும் பார்க்கலாம்.

மூன்றாவது, அறிவு நினைவு. நடந்தது, பார்த்தது, பொருள், இடம் இவற்றை வைத்திருப்பது. போன வருஷத் தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போன வழியில் யார் வீட்டில் என்ன சாப்பிட்டோம் என்று சரியாகச் சொல்லும் பிள்ளைக்கு நேற்றுப் படித்த சொல் வராமல் போவது பெற்றோரைக் குழப்பும். குழம்பத் தேவையில்லை. இந்த நினைவு ஓரளவு நன்றாகவே இருக்கும், அதில் சொல்லை ஏற்றத்தான் நேரம் பிடிக்கிறது.

ஆகவே வேலை இதுதான்: முதல் நினைவின் மேல் பாரத்தைக் குறையுங்கள், இரண்டாவதற்கு ஒழுங்கை அடர்த்தியாகக் கேட்கக் கொடுங்கள், மூன்றாவதன் மேல் சாய்ந்து சொல் கற்பியுங்கள்.

முதல் நினைவையே பயிற்சியால் பெரிதாக்கிவிடலாம் என்று விற்கப்படும் செயலிகளுக்குக் காசு கட்டாதீர்கள். மோனிகா மெல்பி-லெர்வாகும் சார்ல்ஸ் ஹியூமும் 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விளையாடும் பிள்ளை அந்த விளையாட்டில் தேர்கிறது, அந்தத் தேர்ச்சி பேச்சுக்கோ வாசிப்புக்கோ வந்து சேர்வதில்லை. எண்களைத் திருப்பிச் சொல்ல வைக்கும் பயிற்சியும் இதே கதைதான்.

எந்த மொழியில்?

'தமிழ், மலாய், ஆங்கிலம், மூன்றும் சேர்ந்துதான் குழப்புகிறது. ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்' என்ற அறிவுரை பல வீடுகளுக்கு வந்து சேர்கிறது. அது தவறு. பல மொழி கேட்பதால் மொழிக் கோளாறு வருவதில்லை. கோளாறு இருந்தால் எல்லா மொழியிலும் தெரியும், ஒரு மொழியை நிறுத்தினால் மற்றது வேகம் எடுக்காது. நிறுத்துவதால் நடப்பது வேறு. சரளமில்லாத ஆங்கிலத்தில் பேசத் தொடங்கும் அம்மாவின் வாக்கியம் 'கம்', 'ஈட்', 'டோன்ட்' என்று சுருங்கிவிடும். பாட்டியோடு பேச்சே நின்றுவிடும். பிள்ளைக்கு ஏற்கெனவே குறைவாக இருந்த நல்ல வாக்கியங்கள் இன்னும் குறையும்.

உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் கதையும் தடங்கலில்லாமல் வருகிறதோ அதிலேயே பேசுங்கள். பிள்ளை 'டாவுன்' என்று மலாயில் சொன்னால் தவறென்று திருத்தாமல், "ஆமா, இலை. பச்சை இலை" என்று பக்கத்தில் தமிழை வையுங்கள். சோதனைக்குப் போகும்போது தமிழ் பேசாத சிகிச்சையாளர் அமைந்தால், பிள்ளை வீட்டில் பேசுவதை இரண்டு நிமிடம் கைப்பேசியில் பதிந்து கொண்டுபோய், எங்கே சொல் விடுபடுகிறது என்று கூட இருந்து சொல்லுங்கள். ஒரே மொழியில் மட்டும் எடுத்த மதிப்பெண், பல மொழி பேசும் பிள்ளையின் முழு அளவைக் காட்டாது.

கட்டளையை மாற்றிச் சொல்லுதல்

முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு முகம் திரும்பும் வரை பொறுங்கள். தொலைக்காட்சிச் சத்தத்தை அடக்குங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒரு வேலை.

தமிழ் வாக்கியத்தில் மூன்று பொறிகள் இருக்கின்றன. ஒன்று, எச்சங்களின் தொடர். 'வச்சிட்டு, கழட்டிட்டு, கழுவிட்டு, வா' என்னும்போது முடிவான வினை வரும் வரை பிள்ளை எல்லாவற்றையும் சுமந்துகொண்டிருக்க வேண்டும். அதை உடையுங்கள்: "பைய வை." வைத்த பிறகு, "இப்ப சட்டையக் கழட்டு." இரண்டு வேலை சேர்த்துச் சொல்லித் தொடர்ந்து ஐந்து நாள் சரியாகச் செய்தால் மூன்றுக்குப் போகலாம்.

இரண்டாவது பொறி 'முன்னாடி'. "சாப்பிடறதுக்கு முன்னாடி கை கழுவு" என்பதில் முதலில் கேட்கும் செயல் சாப்பாடு, முதலில் செய்ய வேண்டியது கழுவல். நடக்கும் வரிசையிலேயே சொல்லுங்கள்: "கை கழுவு. அப்புறம் சாப்பிடு." 'முன்னாடி', 'அப்புறம்' என்ற சொற்களைத் தனியாகப் பிறகு கற்பிக்கலாம், அதையும் கட்டளைக்குள் ஒளித்து வைத்து அல்ல.

மூன்றாவது, மறுப்பு. நம் மொழியில் 'வேண்டாம்' என்ற சேதி வினையின் வாலில் இருக்கிறது. 'அடுப்பத் தொடாத' என்பதில் 'அடுப்பு', 'தொடு' இரண்டும் உரக்க விழும், வால் நழுவும். பிள்ளை தொட்டுவிட்டுத் திட்டு வாங்கும். செய்ய வேண்டியதைச் சொல்லுங்கள்: "தள்ளி நில்லு."

கேள்வி கேட்டால் மனதுக்குள் ஐந்து வரை எண்ணிக் காத்திருங்கள், தேவைப்பட்டால் பத்து வரை. இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். மூன்றாவது விநாடியிலேயே நம் வாய் துறுதுறுக்கும். அந்த நேரத்தில் கேள்வியை வேறு வார்த்தையில் மாற்றிக் கேட்டால் பிள்ளை முதல் கேள்வியைப் போட்டுவிட்டு இரண்டாவதைத் தூக்க வேண்டியிருக்கும். மறுபடி கேட்பதானால் அதே சொற்களில் கேளுங்கள்.

வாரத்துக்கு ஐந்து சொல்

ஐந்துக்கு மேல் வேண்டாம். இந்தப் பிள்ளைக்கு ஒரு சொல் பதிய மற்றப் பிள்ளையைவிட இரண்டு மூன்று மடங்கு தடவை கேட்க வேண்டியிருக்கும். இருபது படஅட்டைகளை ஒரே நாளில் ஓட்டுவது பெற்றோருக்குத் திருப்தி தரும், பிள்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது.

தேர்வில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஒட்டகச்சிவிங்கி, காண்டாமிருகம் என்று பெயர்களாக அடுக்குகிறார்கள். வீட்டில் தினம் பயன்படாத சொல் எத்தனை முறை காதில் விழும்? வினையும் பண்பும் கலந்து எடுங்கள். சமையலறையிலிருந்து ஒரு வாரம்: உரி, பிழி, காம்பு, வழவழப்பு, ஓரம். 'ஓரம்' இருக்கும் வாரத்தில் 'ஈரம்' வேண்டாம், ஒலி கலந்துவிடும். 'இடது, வலது', 'முன்னாடி, பின்னாடி' போன்ற சோடிகளையும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். 'வலது' உறுதியாகி இரண்டு வாரம் கழித்து 'இடது'. சேர்த்துக் கற்ற பிள்ளைக்கு எது எது என்ற சந்தேகம் வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்ளும்.

முதல் நாள் பத்து நிமிடம் போதும்.

1. பொருளைக் கையில் கொடுங்கள். மிளகாய். "இது காம்பு. பிடிச்சுத் தூக்குற இடம். காம்பு."
2. சொல்லைக் கைதட்டிப் பிரியுங்கள்: காம்-பு. எந்த ஒலியில் தொடங்குகிறது? 'கா'. ஒலியும் பொருளும் இரண்டும் பதிய வேண்டும். படத்தை மட்டும் காட்டினால் பொருள் தெரியும், சொல் வாயில் வராது.
3. உடனே கேளுங்கள்: "இது என்ன?" பதில் வந்தாலும் வராவிட்டாலும் சரியான சொல்லை மறுபடி சொல்லுங்கள்.
4. அடுத்த இரண்டு சொற்களை இதே போல அறிமுகப்படுத்திவிட்டு, திரும்ப வந்து "இது என்ன?" என்று கேளுங்கள். இன்னும் இரண்டு சொல் போனதும் மறுபடி.
5. வேறு பொருளில் காட்டுங்கள்: கத்தரிக்காய்க் காம்பு, வெற்றிலைக் காம்பு, ரோஜாவின் காம்பு. 'உரி' என்றால் வெங்காயம், வாழைப்பழம், ரம்புத்தான், புத்தகத்தில் ஒட்டிய ஸ்டிக்கர்.

நான்காவது படிதான் உயிர். பர்டியூ பல்கலைக்கழகத்தில் லாரன்ஸ் லெனார்ட் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், மொழிக் கோளாறு உள்ள சிறு பிள்ளைகள், திரும்பத் திரும்பக் கேட்டு மட்டும் கற்ற சொற்களைவிட, இடைவெளி விட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிக் கற்ற சொற்களை ஒரு வாரம் கழித்தும் கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். 'திரும்பச் சொல்லு' என்பதும் 'இது என்ன?' என்பதும் ஒன்றல்ல. முன்னது எதிரொலி, காதிலிருந்து வாய்க்குப் போய் மறைந்துவிடும். பின்னதில் பிள்ளை உள்ளே போய்த் தேட வேண்டும். தேடிய பாதைதான் மறுமுறை உதவும்.

தேடியும் கிடைக்காவிட்டால் ஏணி போல இறங்குங்கள். முதலில் குறிப்பு: "மிளகாய்ல பிடிச்சுத் தூக்குவோமே." பிறகு முதல் ஒலி: "கா…" பிறகு இரண்டில் ஒன்று: "காம்பா, ஓரமா?" அதற்கும் வராவிட்டால் நீங்களே சொல்லிவிட்டு ஒரு நிமிடம் கழித்துக் கேளுங்கள். முகம் சுருங்கும் அளவுக்குக் காக்க வைக்கக் கூடாது. தவறான சொல் வந்தால் 'இல்ல' என்று வெட்டாமல் சரியானதை வையுங்கள். தவறு வாயில் இரண்டு மூன்று முறை வந்துவிட்டால் அதுவே பதிந்துவிடும். ஆகவே தவறுகள் அதிகமாகிறது என்றால் ஏணியில் ஒரு படி சீக்கிரமாக இறங்குங்கள்.

அன்று இரவு படுக்கும் முன் ஐந்தையும் ஒரு முறை கேளுங்கள், தூக்கத்தில் புதுச்சொல் உறுதிப்படும். பிறகு மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள். ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். பினாங்கு சௌரஸ்தா சந்தையிலோ கோலாலம்பூர் சௌக்கிட் சந்தையிலோ காய் வாங்கும்போது கேட்டால் இன்னும் நல்லது. வீட்டு மேசையில் வரும் சொல் கடையிலும் வந்தால்தான் அது பிள்ளையுடையது.

உருபும் விகுதியும்

இங்கே முறை தலைகீழ். சொல்லுக்கு நினைவிலிருந்து எடுக்க வைத்தோம். வாக்கிய ஒழுங்குக்கு, பிள்ளை சொன்னதையே முழுதாக்கித் திருப்பிக் கொடுக்கிறோம், சொல்லச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதில்லை.

"அண்ணா பந்து குடுத்தேன்."
"ஓ, அண்ணாவுக்குப் பந்து குடுத்தியா! அண்ணாவுக்குத்தானா?"

அவ்வளவுதான். பிள்ளையின் கருத்து அப்படியே இருக்கிறது, விடுபட்ட '-க்கு' மட்டும் ஏறுகிறது. 'அண்ணாவுக்குன்னு சொல்லு' என்று நிறுத்தினால் பேச வந்த விஷயம் செத்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரே ஓர் உருபு. ஆறு வாரம் '-க்கு' என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் அரை மணி விளையாட்டில் இருபத்து நான்கு முறையாவது அது காதில் விழ வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறு வினையோடு. இந்த எண் அரிசோனா பல்கலைக்கழகத்தில் எலேனா பிளான்டே குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வின் வழி வருகிறது. பன்னிரண்டு வினைகளை இரண்டு முறை கேட்ட பிள்ளைகளைவிட, இருபத்து நான்கு வேறு வினைகளைக் கேட்ட பிள்ளைகள் இலக்கணத்தை நன்றாகப் பிடித்தார்கள். காரணம் எளிது. 'தாத்தாவுக்குக் குடு' என்பதையே நூறு முறை கேட்டால் அது ஒரே நீளச் சொல்லாகப் பதியும். 'தாத்தாவுக்கு ஊத்து, பூனைக்கு வை, அக்காவுக்குக் காட்டு, பொம்மைக்குக் கட்டு, பாப்பாவுக்குப் பாடு, டீச்சருக்கு எழுது' என்று மாறிக்கொண்டே இருந்தால், மாறாமல் நிற்கும் '-க்கு' தனியாக மேலே வரும். கடை விளையாட்டு வைத்து தே தாரிக்கும் ரொட்டி சானாயும் யாருக்கு, யாருக்கு என்று பரிமாறினால் இருபத்து நான்கு சிரமமில்லை.

'-க்கு' பயிற்சியில் ஒரு வழுக்கல். "நான் பசிக்குது" என்ற பிள்ளைக்கு "உனக்குப் பசிக்குதா?" என்று திருப்பினால், அடுத்த முறை "உனக்குப் பசிக்குது" என்று தன்னையே சொல்லும். ஆகவே பசி, பிடிக்கும், வேணும், வலிக்குது எல்லாவற்றையும் முதலில் பூனைக்கும் பொம்மைக்கும் வையுங்கள். 'எனக்கு', 'உனக்கு' பிறகு.

அடுத்து '-ஐ'. பேச்சில் அது வெறும் ஓர் உயிரொலி: 'அண்ணன', 'பாட்டிய'. காதில் விழுவதே குறைவு. மேலும் பொருள்களுக்கு அதை விட்டுவிட்டும் பேசுவோம், 'சோறு சாப்பிடு' என்கிறோம். மனிதருக்கு விட முடியாது, 'பாட்டி கூப்பிடு' என்றால் தவறு. ஆகவே '-ஐ' பயிற்சிக்குப் பொருள்களை எடுக்காதீர்கள், ஆட்களை எடுங்கள்: பாட்டியக் கூப்பிடு, தம்பியத் தூக்கு, அக்காவத் தேடு. கண்ணாமூச்சி இதற்கென்றே இருப்பது போன்ற விளையாட்டு.

'வந்தான்', 'வந்தா' வேறுபாடு இன்னும் நுணுக்கம். பேச்சில் 'வந்தான்' என்பதன் 'ன்' மூக்கொலியாகக் கரைந்துவிடும், காதுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. இதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் தெளிவாகப் பிரிந்து கேட்கும் 'வந்தாங்க', 'வந்துச்சு' இரண்டும் நிற்கட்டும்.

நடந்ததைச் சொல்லுதல்

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில் ஜார்ஜ்டவுன் போனீர்களா? கைப்பேசியில் நான்கு படம் எடுங்கள்: டிக்கெட், படகு, கடல், இறங்கிச் சாப்பிட்டது. அன்று மாலை படங்களை வரிசையாக வைத்து நீங்கள் ஒரு முறை சொல்லுங்கள், ஒரு படத்துக்கு ஒரு வாக்கியம். அடுத்து பிள்ளையும் நீங்களும் மாறி மாறி. மறுநாள், உங்களோடு வராத வீட்டார் ஒருவருக்குப் பிள்ளையே சொல்லட்டும். ஏற்கெனவே தெரிந்த அம்மாவுக்குச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் அவசியம் இருக்காது, வராத தாத்தாவுக்குச் சொல்லத்தான் வேண்டியிருக்கும். சொல்லும்போது நின்றுவிட்டால் 'அப்புறம்?' மட்டும் போதும்.

தமிழ்ப்பள்ளியில்

முதலாம் ஆண்டில் இந்தப் பிள்ளைக்கு இன்னொரு சுமை ஏறுகிறது. வீட்டில் 'வந்துச்சு', புத்தகத்தில் 'வந்தது'. வீட்டில் 'அவங்க', புத்தகத்தில் 'அவர்கள்'. மற்றப் பிள்ளைகள் தாமாகத் தாண்டும் இந்தப் பள்ளத்துக்கு இவர்களுக்குப் பாலம் வேண்டும். பாடக்கதையை முதல் நாள் இரவு பேச்சுத் தமிழில் சொல்லிவிடுங்கள். கதை தெரிந்த பிறகு எழுத்துத் தமிழைக் கேட்டால் தலை மொழியை மட்டும் சுமந்தால் போதும். எழுத்து விஷயத்தில், 247ஐயும் அட்டவணையாக ஓதவைப்பது வெறும் ஒப்புவித்தலாக முடிந்துவிடும். பிள்ளைக்குத் தெரிந்த சொற்களில் வரும் எழுத்துகளைக் கொண்டு தொடங்கி, ஒரு குறியை, உதாரணமாகத் துணைக்காலை (ா), பல மெய்களோடு சேர்த்துக் காட்டுங்கள்: கா, பா, மா, தா.

ஆசிரியரிடம் கேட்க வேண்டியவை சில. முன்வரிசை. "பக்கம் 34ஐத் திறந்து மூன்றாம் கேள்விக்கு நோட்டில் விடை எழுதுங்கள்" என்பதைச் சொல்வதோடு '34, 3, எழுது' என்று பலகையிலும் எழுதுதல். அழியாமல் நிற்கும் எழுத்து, நிற்காத நினைவுக்கு ஊன்றுகோல். அடுத்த வாரப் பாடத்தின் முக்கியச் சொல் ஐந்தை முன்கூட்டியே வீட்டுக்குக் கொடுத்தல். எல்லார் முன்னும் திடீரென்று எழுப்பிக் கேட்காமல், "அடுத்தது உன்னைத்தான் கேட்பேன்" என்று சொல்லி வைத்தல். இவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள், வாய்ப்பேச்சு அடுத்த ஆண்டு ஆசிரியருக்குப் போய்ச் சேராது.

அடிப்படை வாசிப்பும் கணக்கும் பின்தங்கினால் பள்ளியின் 'பெமுலிஹான்' வகுப்பு உண்டு. அதற்கும் மேல் உதவி தேவைப்பட்டால் ஒருங்கிணைந்த சிறப்புக் கல்வி வகுப்பும், வழக்கமான வகுப்பிலேயே உதவியோடு சேரும் வழியும் உண்டு. சமூக நலத் துறை மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் ஓ.கே.யு. அட்டையில் பேச்சுக்கும் கற்றலுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதை மருத்துவர் தீர்மானிப்பார். அட்டை வாங்கினால் பிள்ளையின் எதிர்காலம் கெடும் என்ற பயத்தில் பல வீடுகளில் வருடங்கள் போய்விடுகின்றன. அந்த வருடங்கள்தான் சிகிச்சைக்கு மிகவும் பயன்படுபவை.

குறிப்பு நோட்டு

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும். இடப்பக்கம் வாரத்தின் ஐந்து சொல். எதிரே ஐந்து கட்டங்கள்: அன்றிரவு, மறுநாள், 3, 7, 14. தானாக வந்தால் சரிக்குறி, குறிப்போடு வந்தால் புள்ளி, வராவிட்டால் வெற்று. பதினான்காம் நாள் சரிக்குறி விழாத சொல்லை அடுத்த வாரப் பட்டியலில் சேர்த்து, புதுச்சொல்லை அந்த அளவுக்குக் குறையுங்கள். மூன்று சொல் திரும்பி வந்தால் புதிது இரண்டுதான்.

வலப்பக்கத்தில், உருபுக்கு வாரம் ஒரு நாள் மட்டும், பயிற்சியில் வராத பத்துத் தருணங்களில் பிள்ளை '-க்கு' தானாகப் போட்டது எத்தனை என்று எழுதுங்கள். பயிற்சி செய்த வாக்கியங்களை எண்ணினால் ஏமாந்துவிடுவீர்கள், அவை எப்படியும் வரும். முதல் மூன்று வாரம் இரண்டிலும் மூன்றிலும் நின்றுவிட்டு ஐந்தாவது வாரம் ஆறுக்குத் தாவுவது உண்டு, நடுவில் நிறுத்திவிடாதீர்கள். எட்டு வந்ததும் அடுத்த உருபுக்குப் போகலாம். ஆறு வாரம் முடிந்தும் மூன்றைத் தாண்டாவிட்டால் உருபை மாற்றாமல் நோட்டை அப்படியே சிகிச்சையாளரிடம் எடுத்துப் போங்கள். அவர் முதலில் பார்க்க விரும்புவது அந்தப் பக்கத்தைத்தான்.